மேய்ச்சலை விட்டுக் கொட்டகைக்கு மாறுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பினாங்கில் பத்து காவான், சிம்பாங் அம்பாட் பக்கம் மாடு மேய்ந்த தோட்ட நிலமெல்லாம் தொழிற்சாலையும் வீடமைப்புமாகிக்கொண்டிருக்கிறது. மிஞ்சுவது சாலையோரப் புல்லும் கால்வாய்க் கரையும்தான். அங்கே அவிழ்த்துவிட்டால் விபத்து, அபராதம், அக்கம்பக்கத்தாரோடு மனத்தாங்கல். கொட்டகைக்கு மாறுவது நல்ல முடிவுதான். ஆனால் பலர் புல்லுக்கு வழி பார்க்காமல் முதலில் மாட்டை வாங்கிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளம்புகின்றன.

300 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ பச்சைப் புல் தின்னும். பத்து மாடென்றால் தினமும் 300 கிலோ அறுக்க வேண்டும், மழையோ தீபாவளியோ. நேப்பியர் தீவனப் புல்லின் கரணை நட்டு முதல் அறுப்புக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆகவே நடவு முதலில், மாடு பிறகு. ஏக்கருக்கு ஐந்து மாடு என்று கணக்கு வைப்பதே பத்திரம் என்பேன்.

புல் ஆளுயரம் தாண்டட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. ஏழு வாரத்துக்கு மேல் விட்டால் தண்டு முற்றும், புரதம் இறங்கும். காலையில் தொட்டியைப் பாருங்கள். இலையை உருவித் தின்றுவிட்டு விரல் தடிமன் தண்டுகளை மாடு ஒதுக்கியிருந்தால், அறுப்பு பிந்திவிட்டது. நிலத்தை ஏழு பாத்தியாகப் பிரித்து வாரத்துக்கு ஒன்றாக அறுங்கள். அடியில் அரை அடி விட்டு அறுத்தால் தூர் சீக்கிரம் துளிர்க்கும். ஆட்டுக்கு அறுப்பவர்கள் பனி காய்ந்த பிறகு அறுங்கள். ஈரப் புல்லில்தான் குடற்புழுக் குஞ்சுகள் மேலேறி வரும்.

செம்பனைப் புண்ணாக்கு நம்மூரில் எளிதாகக் கிடைக்கிறது, புரதமும் 14 முதல் 18 விழுக்காடு வரை உண்டு. மாட்டுக்கு ஏற்ற தீனிதான். செம்மறிக்கு அதையே அளவில்லாமல் போடுவது ஆபத்து. அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வாரக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஆடு சாய்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது அரிது. மாட்டுக்குக் கலந்ததையே செம்மறிக்கும் அள்ளிப் போடுகிறவர்கள் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

தவ்பூ ஆலைச் சக்கையை அன்றன்றே போட்டுத் தீர்த்துவிட வேண்டும். நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும். எந்தப் புதுத் தீனியையும் ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாளாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து புல் படுத்துவிடும். அதற்கு முன்பே மிகுதிப் புல்லைச் சிறிதாக நறுக்கி, லேசாக வாட்டி, பீப்பாயில் காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் மூன்று வாரத்தில் ஊறுகாய்ப் புல் தயார். பூஞ்சை பிடித்த பகுதியை எறிந்துவிட வேண்டும், போனால் போகட்டும்.

சாணத்தைக் கால்வாயில் தள்ளுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மாடு நாளுக்கு 15 கிலோவாவது போடும். அதை மட்கவைத்து, அறுத்து முடித்த பாத்தியில் அந்த வாரமே போடுங்கள். உரத்துக்குக் கொடுக்கும் வெள்ளியில் பெரும்பகுதி கையில் நிற்கும்.