டிரக்கோடு வந்த டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்: முதல்முறை செட் செய்வது எப்படி?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்கி, பின்னால் டிரெய்லர் மாட்டிக்கொண்டு கிளம்பும் புதியவர்கள் பெரும்பாலோர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன லிவரைத் தொடுவதே இல்லை. கூடவே ஒரு கூட்டல் பட்டன், ஒரு கழித்தல் பட்டன். இவையெல்லாம் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலருடையவை. கம்பெனியிலேயே செட் செய்துதானே அனுப்பியிருப்பார்கள் என்று நானும் நினைத்தவன்தான். டிரக்கின் பின்னால் எவ்வளவு எடை வரப்போகிறது என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

முதலில் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. கரண்ட் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மோடு ஒட்டி ஒரு கையை இழுக்கும். அந்தக் கை, டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவைத் தள்ளும். கரண்ட் கூடினால் பிடியும் கூடும். எவ்வளவு கரண்ட் என்று முடிவு செய்வதுதான் கன்ட்ரோலரின் வேலை. முன்பெல்லாம் இதைத் தனியாக வாங்கி டேஷ்போர்டுக்கு அடியில் திருகிக்கொள்வார்கள். 2005 சூப்பர் டியூட்டி டிரக்குகளில் ஃபோர்டு இதை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. தனியாக வாங்கும் பெட்டி, வண்டி வேகம் குறைவதை உணர்ந்தோ நேரக் கணக்கிலோ வேலை செய்யும். கூடவே வந்த கன்ட்ரோலருக்கோ நீங்கள் பெடலை எவ்வளவு அழுத்தினீர்கள், வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதெல்லாம் நேராகவே தெரியும்.

படி 1: உங்கள் வண்டியில் இருக்கிறதா?

பின் பம்பரில் ஏழு பின் சாக்கெட் இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். சாக்கெட் இருந்தும் கன்ட்ரோலர் இல்லாத டிரக்குகள் நிறைய. லிவர் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லர் பக்கம் நாலு பின் பிளக் என்றால் அதில் விளக்குக்கு மட்டும்தான் வயர், பிரேக்குக்கு இல்லை. படகு டிரெய்லர்கள் பலவற்றில், டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே வேலை செய்யும் சர்ஜ் பிரேக் இருக்கும். அதற்குக் கன்ட்ரோலர் தேவையில்லை.

படி 2: மாட்டுவது

டிரெய்லரை டிரக்கோடு பிணைக்கும் ஹிட்ச்சைப் பூட்டி, சேஃப்டி செயினைக் குறுக்காக மாட்டுங்கள். டிரெய்லர் கழன்று ஓடினால் ஒரு பின்னை உருவி அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளைத் தனியாக டிரக்கோடு இணைக்க வேண்டும், செயினோடு அல்ல. பிளக்கைச் செருகியதும் டிரெய்லர் இணைந்தது என்று திரையில் வரும். சில வண்டிகளில் ஒருமுறை பெடலை மிதித்த பிறகுதான் வரும். எதுவும் வரவில்லையா? முதலில் பின்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் எர்த் வயரைப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

எல்லாச் சக்கரத்துக்கும் கரண்ட் போகிறதா என்று தெரிய ஒரு எளிய வழி: ஒருவர் உள்ளே உட்கார்ந்து லிவரை முழுவதும் அழுத்தட்டும். நீங்கள் ஒரு சின்ன காம்பஸைச் சக்கரத்தின் உள்பக்கம், டிரம்முக்கு அருகில் பிடியுங்கள். முள் துள்ளினால் காந்தம் உயிரோடு இருக்கிறது.

படி 3: டிரெய்லர் வகை

மெனுவில் பெரும்பாலும் எலெக்ட்ரிக், எலெக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் என்று இரண்டு வகை கேட்கும். டிரெய்லரின் முன்பகுதியில் ஹைட்ராலிக் பம்ப் பெட்டி இருந்தால் இரண்டாவது. சாதாரண டிரெய்லர் முதலாவது.

படி 4: கெயின்

நிஜமான வேலை இங்கேதான். டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று சொல்வதுதான் கெயின்; 0 முதல் 10 வரை ஓர் எண். கூட்டல், கழித்தல் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் அரை அரையாக ஏறும், இறங்கும். அது டிரெய்லரின் எண் அல்ல, அன்றைய பாரத்தின் எண். அதனால் என்ன பாரத்தோடு போகப்போகிறீர்களோ அதை ஏற்றிவிட்டுத்தான் செட் செய்ய வேண்டும்.

காலியான, சமமான, காய்ந்த தார்த் தளம் வேண்டும். நாலைந்து தடவை சாதாரணமாக பிரேக் பிடித்து டிரம்களைச் சூடாக்குங்கள். கெயினை 4-இல் வையுங்கள். மணிக்கு 20 முதல் 25 மைல் வேகத்தில் போய், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பெடலைத் தொடாமல் லிவரை மட்டும் முழுவதும் அழுத்துங்கள். ஜன்னலை இறக்கிவிடுங்கள், காதுதான் இங்கே மீட்டர்.

யாரோ பின்னாலிருந்து லேசாகச் சட்டையை இழுப்பது போலிருந்தால் போதாது. ஒரு அரை ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். டயர் கிறீச்சிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம், ஒரு அரை இறக்குங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது. பாரம் அதிகமென்றால் 10-இலும் பூட்டாமல் இருக்கலாம். இழுவை பலமாகத் தெரிந்தால் அது சரிதான். 10 வைத்தும் எதுவுமே தெரியவில்லை என்றால் எண்ணில் தவறில்லை, ஷூவை டைட் செய்ய வேண்டும் அல்லது வயரிங்கைப் பார்க்க வேண்டும். பிரேக் புத்தம் புதிதா? 40 மைலிலிருந்து 20-க்கு இறக்குவதை, இடையிடையே ஆறவிட்டு, இருபது முப்பது தடவை செய்தால்தான் ஷூ பதியும். அதன் பிறகு கெயினை மறுபடி பாருங்கள்.

ஒருமுறை முழுப் பாரத்தோடு போய், காலி டிரெய்லரோடு திரும்பினேன். கெயின் அதே 7.5. முதல் சிவப்பு விளக்கில் பெடலை மிதித்ததும் பின்னால் ஓர் அலறல், ரப்பர் கருகிய வாடை. இறங்கிப் பார்த்தால் ஒரு டயரில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து தட்டையாகியிருந்தது. வீடு வரும்வரை தட் தட் என்று தாளம். மழையும் சரளைக் கல்லும் இதே கதைதான்: பிடிமானம் குறைந்தால் கெயினையும் குறையுங்கள்.

படி 5: பெடலில் சோதனை

இப்போது லிவரை விட்டுவிட்டுப் பெடலை மிதித்து நிறுத்துங்கள். டிரெய்லர் முதுகில் தள்ளவும் கூடாது, பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. தேவைப்பட்டால் ஒரு அரை மாற்றுங்கள்.

லிவர் செட் செய்வதற்கு மட்டும் இல்லை. நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, லிவரை மெதுவாக அழுத்துங்கள். பின்னாலிருந்து இழுபட்டு டிரெய்லர் நேராகும். அந்தப் பதற்றத்தில் லிவரைத் தேட முடியாது. நிற்கும்போதே, பார்க்காமல் கையை அங்கே கொண்டுபோய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக பிரேக்அவே. டிரக் பிளக்கைக் கழற்றிவிட்டு பிரேக்அவே கேபிளின் பின்னை உருவுங்கள்; டிரெய்லரிலுள்ள பேட்டரியே பிரேக்கைப் பிடிக்க வேண்டும். டிரக்கால் மெல்ல முன்னே இழுத்துப் பார்த்தாலே தெரியும். உடனே பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும்.