இரண்டு இயர்போன்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: ஒரு மிருதங்கக்காரரின் வழி

என்னிடம் மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் இயர்போன் வாங்குமுன் கேட்பது ஒன்றுதான்: "சார், எதுல பேஸ் நல்லா இருக்கும்?" முதலில் அது காதில் ஒழுங்காக உட்காரட்டும், பேஸ் தானாக வரும் என்பேன். இயர்போன் நுனியில் மாட்டும் மெத்தென்ற டிப்புக்கும் காதுத் துவாரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், பேஸ் எனும் தாழ்ந்த ஓசையெல்லாம் கசிந்து போய்விடும். அந்த நிலையில் கேட்டுவிட்டு "இது சுமார்தான்" என்று ஒதுக்குவது அந்த இயர்போனுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே டிப்பிலிருந்து தொடங்குங்கள். பெட்டியில் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று அளவு கொடுப்பார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு வலது காதுக்குப் பெரிசு, இடது காதுக்கு நடுத்தரம். செருகும்போது மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகி டிப் உள்ளே போகும். பிறகு போனில் 40 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை, அதாவது மிகத் தாழ்ந்த ஒற்றை ஓசையை, குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் ஓசை கூடினால் டிப் இன்னும் அடைக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது வால்யூம். ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தாலே அதுதான் உசத்தி என்று காது தீர்ப்பு எழுதிவிடும். சத்தம் குறையும்போது பேஸ்தான் முதலில் நம் காதுக்கு மங்கும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிவிட்டார்கள். எனவே ஒரே பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவு கேட்கும்படி வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். வால்யூம் மிதமாகவே இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்.

எதைக் கேட்பது? உங்களுக்கு மனப்பாடமான பதிவைத்தான். எனக்கு அது கர்நாடகக் கச்சேரி. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை அப்பியிருக்கும். அதிலிருந்து எழும் 'தொம்' வயிற்றில் இறங்க வேண்டும், ஆனால் அடுத்த சொல்லின், அதாவது அடுத்த அடியின், மேல் வழியக் கூடாது. தொப்பியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கும் கும்கியில் சுருதி வழுக்கி ஏறுவது காதில் விழ வேண்டும். தனி ஆவர்த்தன முடிவில் வரும் வேகமான மோராவில் தொப்பிச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பினால் அந்த இயர்போனில் பேஸ் அதிகம், கட்டுப்பாடு குறைவு. வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி விழும்போது கார்வை (நீளும் நாதம்) கணீரென்று நின்று அடங்க வேண்டும். 'டக்'கென்று வெட்டுப்பட்டால் மேல் ஓசையைச் சரியாகக் காட்டவில்லை.

ட்ரெபிள் எனும் மேல் ஓசையைச் சோதிக்கத் தம்புராவை மிஞ்சியது இல்லை. தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் சரியாக நின்ற தம்புராவில் தந்திக்கு மேலே தங்கத் தூள் பறக்கிற மாதிரி ஒரு ஓசை சுழன்றுகொண்டிருக்கும். நல்ல இயர்போனில் அது பாட்டுக்குப் பின்னால் விடாமல் கேட்கும். அதேசமயம் பாடகர் 'ஸ' உச்சரிக்கும் இடத்தில் காது கூசக் கூடாது. தம்புராவும் வேண்டும், 'ஸ'வும் குத்தக் கூடாது என்கிற இடத்தில்தான் பல இயர்போன்கள் தோற்கின்றன.

இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும் மூன்டிராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ 2 என்ற இரண்டு வயர் இயர்போன்களையும் இப்படித்தான் வைத்துக் கேட்டேன். இரண்டிலும் ஓசை எழுப்பும் குட்டி ஸ்பீக்கரான டிரைவர், 10 மில்லிமீட்டர் டைனமிக் வகை, காதுக்கு ஒன்றுதான். சூ 2-இல் குரலும் வயலினும் முன்னே வந்து நிற்கின்றன, தம்புரா தெளிவு. ஜீரோ 2-இல் தொப்பிக்கு உடம்பு கூடுதல், நெடுநேரம் கேட்டாலும் காது சலிக்காது. பாட்டு கற்கிறவர்களுக்கு முன்னதையும், தாளவாத்தியப் பிள்ளைகளுக்குப் பின்னதையும் சொல்வேன். விளம்பரத்தில் எத்தனை டிரைவர் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஒற்றை டிரைவரை ஒழுங்காக ட்யூன் செய்ததே மேல்.

சௌகரியத்தைக் கடையில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு பேசுங்கள், ஏதாவது மெல்லுங்கள், தலையணையில் சாயுங்கள். தாடை அசையும்போது நழுவுகிறதா, காதின் உள்மடிப்பில் ஒரே இடத்தில் உறுத்துகிறதா என்று பாருங்கள். சூ 2 உலோக உடம்பு, சிறிசு. ஜீரோ 2 பிளாஸ்டிக், எடை தெரியாது, ஆனால் சற்றே பருமன். சிறிய காதுக்காரர்கள் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

பணத்துக்கு மதிப்பு என்றால் நான் பார்ப்பது கேபிள் கழற்றி மாட்டக்கூடியதா என்பதை. வழக்கமாக முதலில் உயிரை விடுவது ஜாக் பக்கத்துக் கேபிள்தான். இந்த இரண்டிலும் இரண்டு ஊசியால் செருகும் 0.78 மில்லிமீட்டர் டூ-பின் கேபிள். போனால் கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புளூடூத் இயர்பட்ஸில் சின்ன பேட்டரி வருஷம் போகப் போகத் தேயும், பெரும்பாலும் மாற்றவும் வழியில்லை. போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாதவர்கள் டாங்கிள் எனும் சின்ன அடாப்டரின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு என்றாவது ஒரு பக்கம் மட்டும் மங்கினால், பழுது என்று முடிவு கட்டுமுன் டிப்பைக் கழற்றி உள்ளேயிருக்கும் வலையைப் பாருங்கள். பல சமயம் காதுக் குரும்பி அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள், தண்ணீர் வேண்டாம்.