முதல் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்: காசை எதில் போடுவது?

போல்ட் ஆக்‌ஷன் என்றால், ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ரைபிள். இலக்குச் சுடுதலுக்குப் புதிதாக வருபவர்கள் பெரிய ரகத் தோட்டாவைத் தேடி ஓட வேண்டாம். .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) என்ற சிறிய ரகத் தோட்டா போதும். தோட்டா மலிவு, தோளில் உதை அநேகமாக இல்லை, அதனால் நிறையச் சுட்டுப் பழகலாம். ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டியும் இதே தோட்டாவில்தான். அங்கே பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 10.4 மி.மீ.!

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது விசையை. ரைபிள் காலிதான் என்று இரண்டு முறை உறுதிசெய்து, வெடிமருந்தில்லாத போலித் தோட்டா போட்டு விசையை மெல்ல அழுத்துங்கள். இழுத்துக்கொண்டே போகாமல், காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் விசை சட்டென்று விடுபட வேண்டும். சாவேஜ் மார்க் 2, சிஇசட் 457 என்ற இரண்டு ரைபிள்களிலும் விசையின் கனத்தை, அதாவது அதை அழுத்தத் தேவையான பலத்தை, நாமே மாற்றிக்கொள்ளலாம். கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சிஇசட்தான் என் தேர்வு, பின்னாளில் குழலையும் மாற்றிக்கொள்ளலாம்.

ரைபிளின் மரக்கட்டைப் பகுதியின் மெருகுக்குக் காசு கொடுக்காதீர்கள். மிச்சம் பிடித்ததில் நாலைந்து வகைத் தோட்டா வாங்கி, மணல்மூட்டையில் ரைபிளைச் சாய்த்து, வகைக்கு ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஒரே குழலில் ஒரு வகை சிதறும், இன்னொன்று ஒரே ஓட்டையாக விழும். விலை உயர்ந்ததுதான் ஜெயிக்கும் என்று கட்டாயமில்லை. உரிமம் கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.