ஆர் மொழியில் ராஸ்டர் வரைபடத்துக்கு நாமே நிறம் கொடுப்பது

ஆர் (R) நிரல்மொழியில் ராஸ்டரை, அதாவது கட்டத்துக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கும் வரைபடக் கோப்பைத் திறந்து பிளாட் (plot) என்று அடித்தாலே அதுவாக ஏதோ ஒரு கலரைப் பூசிக் காட்டிவிடும். டேட்டா ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும். அறிக்கையில் போடுவதென்றால் எந்த மதிப்புக்கு எந்த நிறம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பழகிப் பார்க்க டேட்டா தேடி அலைய வேண்டாம். ராஸ்டர்களைக் கையாளும் டெர்ரா (terra) பேக்கேஜை நிறுவும்போதே லக்சம்பர்க் நாட்டின் உயரங்கள் கொண்ட சின்ன ராஸ்டர் ஒன்று கூடவே வருகிறது. 141 மீட்டரில் தொடங்கி 547 வரை போகும்.

நிறத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் எல்லைகளை முடிவு செய்யுங்கள்: 140, 200, 300, 400, 500, 550. இவற்றை பிளாட் கட்டளைக்குள் பிரேக்ஸ் (breaks) என்பதற்குக் கொடுக்க வேண்டும். எல்லை ஆறு என்றால் நடுவில் இடைவெளி ஐந்துதான், அதனால் நிறமும் ஐந்தே. எண்ணிக்கை பிசகினால் நினைத்த நிறம் நினைத்த இடத்தில் விழாது. முதல் எல்லையை 150 என்று வைத்தீர்களானால், அதற்கும் தாழ்வான இடங்கள் எந்த இடைவெளியிலும் சேராமல் படத்தில் ஓட்டையாகத் தெரியும். மின்மேக்ஸ் (minmax) போட்டு ஆகக் குறைந்த, ஆக உயர்ந்த மதிப்புகளைப் பார்த்துவிட்டு எல்லை வைப்பது நல்லது.

சரி, நிறம். கலர்ராம்ப்பேலட் (colorRampPalette) என்ற ஃபங்ஷனுக்குக் கரும்பச்சை, மஞ்சள், பழுப்பு என்று மூன்றைக் கொடுத்தால் இடைப்பட்டவற்றை அதுவே கலந்து தரும். ஆனால் அது நேரடியாக நிறங்களைத் தராது, இன்னொரு ஃபங்ஷனைத்தான் தரும். பின்னாலேயே இரண்டாவது அடைப்புக்குறி போட்டு 5 என்று எழுதினால்தான் ஐந்து நிறம் கைக்கு வரும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். வானவில் பேலட்டை (நிறத் தொகுப்பை) மட்டும் தொடாதீர்கள், இல்லாத மேட்டையெல்லாம் அந்த மஞ்சள் பட்டை இருப்பதாகக் காட்டும்.

வெப்பநிலை வித்தியாசம் மாதிரி பூஜ்யத்துக்கு இருபுறமும் போகும் டேட்டாவில் வேறு சிக்கல். மதிப்புகள் -2 முதல் 6 வரை இருந்தால் நீலம்-வெள்ளை-சிவப்பு பேலட்டின் வெள்ளை 2-இல் போய் உட்காரும், மாற்றமே இல்லாத ஊர் நீலமாகிவிடும். பிளாட் கட்டளையில் ரேஞ்சை (range) -6, 6 என்று கொடுங்கள்.

நிலப்பயன்பாட்டு ராஸ்டரில் எண்கள் வெறும் குறியீடு. ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசாவின் வேர்ல்ட்கவர் என்ற நிலப்பரப்பு வரைபடத்தில் 10 மரங்கள், 30 புல்வெளி, 50 கட்டடங்கள். அதற்கு பிரேக்ஸ் வேண்டாம், கோல்டேப் (coltab) வழியாக எண்ணுக்கு நேராக நிறத்தை எழுதி ஒட்டிவிடலாம். புரொஜெக்‌ஷன் (பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை) மாற்றும்போது, பக்கத்துக் கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கும் நியர் (near) முறையையே கேளுங்கள். சராசரி எடுக்கும் முறைகளில் 10-ம் 50-ம் சேர்ந்து 30 ஆகி, காட்டோரத்து வீடுகள் புல்வெளி நிறத்தில் வந்து நிற்கும்.