டன் விலையை மட்டும் பார்த்து இரும்பு வேலையைக் கொடுக்காதீர்கள்: டர்பனில் விலைப்புள்ளிகளை ஒப்பிடும் முறை

ஒரு கிடங்குக்கு இரும்புச் சட்டம் போட மூன்று துணை ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டால், மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்வார்கள். ஒருவர் கிரேனைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். மூன்றாமவர் எடையையே குறைத்துப் போட்டிருப்பார். ஆகவே மூன்றையும் முதலில் ஒரே வேலைக்குக் கொண்டுவர வேண்டும். எது மலிவு என்ற கேள்விக்கு அதன் பிறகுதான் பதில் கிடைக்கும்.

விலைப்புள்ளிகளைத் திறப்பதற்கு முன்பே வரைபடத்தை வைத்து எடையை நீங்களே கணக்கெடுங்கள். தென்னாப்பிரிக்க இரும்புச் செக்‌ஷன்களில் 203×133×25 என்று எழுதியிருந்தால் கடைசி எண் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. நீளத்தால் பெருக்கினால் போதும். பிளேட்டுக்கு ஒரு கன மீட்டர் 7,850 கிலோ. அதாவது 10 மில்லிமீட்டர் பிளேட் சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. 450×450×25 அளவில் ஒரு பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) கிட்டத்தட்ட 40 கிலோ வரும். 36 தூண்கள் இருந்தால் பேஸ் பிளேட் மட்டுமே 1.4 டன்னைத் தாண்டிவிடும். எண்ட் பிளேட், கஸெட், ஸ்டிஃபனர், பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கிளீட் என்ற சிறு இணைப்புத் தகடுகள் எல்லாம் இதற்கு மேல். விலைப்புள்ளிகளில் எடை குறைவது பெரும்பாலும் இந்த இணைப்புப் பகுதியில்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் கணக்கில் எடை 104 டன். ‘அ’ 94 டன்னுக்கு 39.5 லட்சம் ரேண்ட் கேட்கிறார். ‘ஆ’ 104 டன்னுக்கு 43.8 லட்சம். டன்னுக்குப் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய 42,000 ரேண்ட்தான். மொத்தத்தில் ‘அ’ 4.3 லட்சம் குறைவு. இனி விடுபட்டதைச் சேர்ப்போம். ‘அ’வுக்கு விட்டுப்போன 10 டன்னுக்கு 4.2 லட்சம், அவர் சேர்க்காத கிரேனுக்கு 1.8 லட்சம், ஹோல்டிங் டவுன் போல்ட்டுக்கு (தூணை அடித்தளத்தோடு பிணைக்கும் போல்ட்) 45 ஆயிரம். மொத்தம் 45.95 லட்சம். ‘ஆ’வுக்கு விடுபட்டது போல்ட் மட்டும், அவர் 44.25 லட்சத்தில் நிற்கிறார். குறைவாகத் தெரிந்தவர் 1.7 லட்சம் கூடுதலாகிவிட்டார். விடுபட்டதற்கு நீங்களாக ஒரு தொகை போடும்போது மற்ற விலைப்புள்ளிகளில் அதே இனத்துக்கு வந்த விலையைப் பயன்படுத்துங்கள். எல்லாத் தொகையும் 15 சதவீத வாட் வரிக்கு முந்தையதா என்பதையும் பாருங்கள். ஒருவர் வரியோடு எழுதியிருந்தால் 1.15 ஆல் வகுத்துவிடுங்கள்.

ஹோல்டிங் டவுன் போல்ட்டைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். அதைச் செய்வது இரும்புக்காரர், கான்கிரீட்டில் பதிப்பது கட்டடக்காரர். இடையில் போல்ட்டைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் டெம்ப்ளேட் யாருடையது, கான்கிரீட் போட்ட பின் அளந்து பார்ப்பது யார் என்று ஒரு விலைப்புள்ளியிலும் இருக்காது. போல்ட் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால், தூண் கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியவரும். உடனே ஒருவர் கேஸ் கட்டரை எடுத்துப் பேஸ் பிளேட்டின் துளையைப் பெரிதாக்குவார். கால்வனைஸ் (துத்தநாகப்) பூச்சும் அங்கேயே போய்விடும். டெம்ப்ளேட், அளவுப் பரிசோதனை, பேஸ் பிளேட்டுக்கு அடியில் நிரப்பும் கிரவுட் கலவை ஆகிய மூன்றுக்கும் பொறுப்பாளி யார் என்று எழுத்தில் கேளுங்கள்.

டர்பனில் அடுத்த பெரிய வித்தியாசம் பூச்சில்தான் வரும். புளஃப், இசிபிங்கோ, புரோஸ்பெக்டன் பக்கம் கடல் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். விலைப்புள்ளியில் ‘கால்வனைஸ்டு’ என்ற ஒரு சொல் போதாது. சான்ஸ் 121 என்ற தென்னாப்பிரிக்கத் தரப்படி உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்பில் சராசரி 85 மைக்ரான் துத்தநாகம் ஏறும். ஆலையிலேயே துத்தநாகம் பூசி வரும் இசட்275 தகட்டில் செய்த பர்லினில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான். இரண்டுமே கால்வனைஸ்தான், கடலோரத்தில் இரண்டின் ஆயுளும் ஒன்றாகாது. பெயின்ட் என்றால் மேற்பரப்பை எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று பாருங்கள்: துகளைப் பீய்ச்சி எஸ்ஏ 2½ என்ற சுத்த அளவு வரை பிளாஸ்ட் செய்கிறாரா, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஒரு பிரைமரோடு நிறுத்துகிறாரா? எத்தனை கோட், ஒவ்வொன்றும் எத்தனை மைக்ரான், போல்ட்டுக்கும் அதே பாதுகாப்பு உண்டா, எரெக்‌ஷனில் (தூக்கி நிறுத்தும்போது) உரசிய இடங்களுக்கு டச்-அப் யார் செலவு? குழாய் வடிவ உறுப்புகள் இருந்தால் முக்குவதற்கு, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வென்ட் துளை வேண்டும். ஷாப் டிராயிங்கிலேயே (பட்டறைக்கான விரிவான வரைபடம்) அது வராவிட்டால் பின்னால் துளைத்துக் கொடுப்பதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.

ஷாப் டிராயிங் விலையில் அடங்குமா, இணைப்புகளை டிசைன் செய்து கையெழுத்திடும் பதிவுபெற்ற பொறியாளர் யார், எஸ்355ஜேஆர் ரக இரும்புக்கு மில் (இரும்பாலை) சான்றிதழ் தருவாரா, வெல்டிங் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது, வேலை இரும்புக் கட்டுமானத்துக்கான சான்ஸ் 2001-சிஎஸ்1 தரப்படி நடக்குமா என்பவற்றையும் அதே தாளில் சேருங்கள்.

பணம் கேட்கும் முறையைக் கவனித்துப் படியுங்கள். பலர் பட்டறையில் கிடக்கும் இரும்புக்கே பணம் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை, அவரும் இரும்பு வாங்கியாக வேண்டும். ஆனால் பணம் கொடுத்த பின் பட்டறை நொடித்துப்போனால் அந்த இரும்பு உங்களுடையது என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டும். உரிமை மாற்றக் கடிதம், உறுப்பு எண்ணோடு புகைப்படம், காப்பீடு, முடிந்தால் வங்கி உத்தரவாதம் எல்லாம் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். விலை எத்தனை நாளைக்குச் செல்லும், இரும்பு விலை ஏறினால் யார் தலையில் விழும் என்பதும் எழுத்தில் வேண்டும். டிசம்பர் நடுவில் கட்டடத் தொழில் விடுமுறை தொடங்கிவிடும். ‘எட்டு வாரம்’ என்று ஒருவர் எழுதினால் அது ஆர்டர் தேதியிலிருந்தா, ஷாப் டிராயிங் ஒப்புதலிலிருந்தா, விடுமுறை உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்றடித்து கிரேன் நின்றால் அந்த நாளுக்கான வாடகையும் இதே பேச்சில் வரட்டும்.

தொழிலாளர் இழப்பீட்டுக்கான நல்நிலைச் சான்றிதழும், 2014 கட்டுமான விதிகள் கேட்கும் வீழ்ச்சித் தடுப்புத் திட்டமும் இல்லாத யாரையும் எந்த விலைக்கும் சைட்டில் ஏற்றாதீர்கள்.

கேள்விகளை ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவருடைய விலை இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது. ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வர்த்திலோ பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர் போனில், “அண்ணா, கிரேனும் சேர்த்துதான் போட்டிருக்கேன்” என்பார். உண்மையாகவே சொல்வார். என்றாலும் அதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதில்கள் வந்ததும் ஒப்பீட்டுத் தாளைத் திருத்தி, வேலையைப் பெறுபவரின் பதில் தாளை அப்படியே துணை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள்.