நாய்க் கயிற்றில் ஒரு முடிச்சு

நாயை வெளியே கூட்டிப்போகும் கயிற்றில், கழுத்துப்பட்டையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி தள்ளி தடிமனாக ஒரு முடிச்சு போட்டு வையுங்கள். எதிரே ஆள் வரும்போது அந்த முடிச்சைப் பிடித்து, நாயை அவர்கள் வராத பக்கமாக உங்கள் காலோரம் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறடிக் கயிறு தொய்வாக இருந்தால் நாய்க்கு ஓடிப் பாய இடம் கிடைக்கிறது. அந்த வேகத்தில்தான் பிடி நழுவுகிறது. இரண்டடியில் அவ்வளவு வேகம் எடுக்க முடியாது. முடிச்சு கைக்குத் தட்டுப்படுவதால் குனிந்து தேட வேண்டாம், கயிற்றை விரலில் சுற்றவும் வேண்டாம் (சுற்றிவிட்டு நாய் இழுத்தால் விரல் எலும்பே முறியலாம்). ஏற்காடு ஏரிச் சாலையிலும், கோடை விழாச் சமயத்தில் அண்ணா பூங்கா வாசலிலும் இது கட்டாயம் வேண்டும். சேலத்திலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவு பக்கம் காரை நிறுத்தினால், கதவைத் திறக்கும் முன்பே முடிச்சைப் பிடித்துவிடுங்கள். குரங்கைக் கண்டால் சாதுவான நாயும் பாயும்.

"ஒண்ணும் பண்ணாது" என்று நாம் சொல்வதால் பயந்து நிற்கும் குழந்தைக்குப் பயம் போய்விடாது. நாயைக் கவனமில்லாமல் விட்டு மனித உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ நேரும் நிலையை உண்டாக்கினால், நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

பட்டனை அமுக்கினால் நீண்டு சுருங்கும் கயிற்றுக்கு இந்த முடிச்சு ஒத்துவராது. அப்புறம், தெருநாய்கள் நெருங்கி வரும்போது இறுக்கிப் பிடித்தால் நம் நாய் இன்னும் மிரளும். அப்போது வந்த வழியே திரும்பிவிடுங்கள்.