வயிற்று உப்புசத்துக்குப் பவனமுக்தாசனம்

சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பாயில் மல்லாந்து படுத்து, வலது முழங்காலை மடக்கி, அதன்மேல் இரு கைகளையும் கோத்து, மூச்சை விட்டபடியே வயிற்றை நோக்கி இழுங்கள். 5 மூச்சு அப்படியே இருந்துவிட்டு இடது கால். கடைசியில் இரண்டும் சேர்த்து. வலதில் தொடங்கக் காரணம் உண்டு: பெருங்குடல் வலப்பக்கம் மேலேறி, இடப்பக்கம் இறங்குகிறது. வாயு நகர்வதும் அதே வழியில்தான்.

பலர் தம் கட்டிக்கொண்டு காலை இழுப்பார்கள். அப்போது வயிறு இறுகிவிடும், பிறகு அழுத்தி என்ன பயன்? தொடை வயிற்றில் லேசாகப் பதிந்தாலே போதும். முழங்கால் வலி இருந்தால் தொடையின் பின்புறம் பிடியுங்கள்.

சாப்பிட்ட கையோடு உப்பினால் இது வேண்டாம்; 5 நிமிடம் வஜ்ராசனம் (மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காருவது). கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் தவிர்க்கவும். வலி விடாமல் இருந்தாலோ, வாந்தி, காய்ச்சல் சேர்ந்தாலோ ஆசனம் அல்ல, டாக்டர்தான்.